எஞ்சினில் ஒன்றுமில்லை

கல் இல்லை. கல்லில் இடித்தால் அதிர்வு கைவழியாக ஏறித் தோள்பட்டையில் வந்து நிற்கும். இது மெத்தென்று தொடங்கி இரும்பாக முடிந்தது. எஞ்சின் ஒரு துள்ளுத் துள்ளிப் பின்பக்கம் தூக்கி விழுந்தது, பிறகு தள்ளுவதற்குத் தண்ணீரே இல்லாததுபோல வெறுமனே ஊளையிட்டது, அணைத்துவிட்டேன். மெத்தென்று என்றால் மாடாக இருக்கலாம், காலையிலிருந்து எத்தனை மாடு பார்த்தாயிற்று, மாடில்லாமல் வேறு எதுவாகவும் இருக்கலாம், அதை நினைக்காதே கஸ்பார். முன்பக்கமிருந்து தொபியாஸ் துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டுக் குத்திப் பார்க்கிறான். டங் என்கிறது. "இரும்பு மச்சான். டிராக்டர் டிரெய்லரு. வைக்கோல் ஏத்தி நிப்பாட்டியிருக்கான்" என்கிறான். நான் விட்ட மூச்சு அவனுக்கே கேட்டிருக்கும். கடலில் முப்பது வருஷம் போய்வந்தவன், கடலடிப் பாறைப் பார் எங்கே மணல்திட்டு எங்கே என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவேன், ஆனால் ஒரு தெருவுக்குள் என்னென்ன கிடக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும். இது தெரு. கீழப்பொட்டல் என்கிற ஊரின் நடுத்தெரு. விடியும்போது மேலே குளம் உடைந்து ஊருக்குள் ஆள் உயரத்தையும் தாண்டித் தண்ணீர் நிற்கிறது, நிற்கவுமில்லை, ஓடுகிறது, இன்னும் ஏறுகிறது. இந்த ஊருக்கும் கடலுக்கும் இருபது மைல். மீன் வாங்கும்போது மட்டும் எங்களைப் பார்த்தவர்கள் இவர்கள். இன்றைக்கு எங்கள் புன்னைத்துறையிலிருந்து ஆறு வள்ளங்களை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து இவர்கள் வீட்டு வாசலுக்கு மேலே ஓட்டிக்கொண்டிருக்கிறோம். வீடுகளுக்கு இழுத்த வயர்கள் தலைக்கு மேல் கைக்கெட்டும் உயரத்தில் தொங்குகின்றன. கரண்டை நிறுத்திவிட்டதாகச் சொன்னார்கள். சொன்னது யார் என்று தெரியவில்லை. குனிந்து நிமிரும்போதெல்லாம் முதுகுத்தண்டு தானாகக் கூசுகிறது.

எஞ்சின் அணைந்ததும்தான் அந்தச் சத்தம் காதில் விழுந்தது. டண். கொஞ்சம் விட்டு, டண், டண். தங்கப்பழம் அண்ணாச்சி தட்டத்தைத் தட்டுகிறார். முனை திரும்பி வாழைத்தோப்பை ஒட்டி மூன்றாவது வீடு, ஓட்டு வீடு, இங்கிருந்து தெரியாது, ஆனால் சத்தம் வருகிறது. சத்தம் வந்தால் அவர் இருக்கிறார், அவர் இருந்தால் அந்த அம்மாவும் இருக்கிறாள். மத்தியானம் இந்தத் தெருவுக்குள் முதல் நடை வந்து அந்த வீட்டு ஜன்னலை நெருங்கியபோது வள்ளத்தில் ஏற்கனவே எட்டுப் பேர். அதில் ஒருத்தி பிள்ளை பெற்று நாலு நாள் ஆனவள், பிள்ளையைச் சேலைக்குள் வைத்து மழைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். ஜன்னல் கம்பி வழியாக உள்ளே பார்த்தேன். அண்ணாச்சி இடுப்பளவுத் தண்ணீரில் நின்றார். அறுபது வயதிருக்கும், ரேஷன் கடையில் எடை போட்டுக்கொண்டிருந்தவராம். சாப்பாட்டு மேசைமேல் கட்டிலைத் தூக்கி வைத்து, கட்டில்மேல் பெண்சாதியை மல்லாக்கப் படுக்க வைத்திருந்தார், தனியாளாக எப்படித் தூக்கினாரோ. "இடுப்பு ஒடிஞ்சி பிளேட்டு வச்சி பதினாறு நாள் ஆகுது தம்பி. உக்கார வைக்க முடியாது. படுக்க வச்சித்தான் தூக்கணும்." படுக்க வைக்க வள்ளத்தில் ஏது இடம். அவரே பார்த்துவிட்டார், நான் சொல்லும்படி வைக்கவில்லை. "மொதல்ல அந்தப் பச்ச ஒடம்புக்காரியக் கரை சேருங்க. நாங்க எங்க போயிறப் போறோம், இல்ல ராஜகனி?" என்றார். அந்த அம்மா தலையை மட்டும் என் பக்கம் திருப்பி, "கதவு தண்ணியில ஊறி உப்பிப் போச்சி, தெறக்காது. வரும்போது ஓட்டப் பிரிக்கணும், அதுக்குத் தக்கன வாங்க" என்றாள். பயந்தவள் பேச்சாக இல்லை, வீட்டுக்கு வெள்ளையடிக்க வந்தவனுக்கு வேலை சொல்வதுபோலச் சொன்னாள். "அரை மணி நேரம் அண்ணாச்சி, இந்தா போயிட்டு இந்தா வாரேன்" என்றேன். "சரி தம்பி, நான் தட்டத்தத் தட்டிக்கிட்டே இருக்கேன். சத்தத்த வச்சி வந்துருங்க." அரை மணி நேரம் என்று ஏன் சொன்னேன். ஒரு மணி நேரம் என்று சொல்லியிருந்தால் இப்போது இவ்வளவு தாமதமில்லை. கரையில் எட்டுப் பேரையும் இறக்கி, அந்த அம்மாவைப் படுக்க வைக்கப் பலகை தேடி, பள்ளிக்கூடத்தில் பெஞ்சைத்தான் கழற்றித் தந்தார்கள், கயிறு வாங்கி, எண்ணெய் ஊற்றி, ஒன்றேகால் மணி நேரம். டண். டண். இந்தா வந்துவிட்டேன் அண்ணாச்சி. விசிறியில் மாட்டிய இரும்புப் பின்தான் உடைந்திருக்கும். பின் மட்டும்தான்.

தொபியாஸ் கயிற்றை ஒரு கம்பத்தில் சுற்றி வள்ளத்தைக் கட்டிவிட்டான். என் பெண்சாதி மெட்டில்டாவின் தம்பி, பத்து வருஷமாக என்னோடுதான் கடலுக்கு வருகிறான், அவன் கை என் கைக்கு முன்னாலேயே வேலையைத் தொடங்கிவிடும். எஞ்சினைச் சாய்த்துத் தூக்குகிறோம். விசிறி வெளியே வருகிறது, மூன்று இறக்கையும் இருக்கிறது, வைக்கோல் சுற்றியிருக்கிறது, வைக்கோலோடு ஒரு சிவப்புத் துணி, துண்டுத் துணி, என் கை அப்படியே நின்றுவிட்டது, தொபியாஸ் பிடித்து இழுத்துப் பார்த்து, "சாக்கு தச்ச துணி மச்சான்" என்று தண்ணீரில் போட்டான். விசிறியைக் கையால் சுற்றினால் தண்டு சுற்றாமல் விசிறி மட்டும் சுற்றுகிறது. பின்தான். மாதாவே, பின் மட்டும்தான். எதிலாவது மோதினால் கியர் நொறுங்காமல் தான் உடைந்து எஞ்சினைக் காப்பாற்றுவதற்கென்றே வைத்த சின்ன இரும்பு, அரை விரல் நீளம். மாற்றுப் பின் ஊறுகாய் பாட்டிலில் இருக்கிறது, பாட்டில் பெட்டியில் இருக்கிறது, பெட்டி அந்தப் பெஞ்சுப் பலகைக்கு அடியில், பலகையைத் தூக்கினால் வள்ளம் ஆடுகிறது. டண், டண். "நான் வேணா நீந்திப் போயிரட்டா?" என்கிறான் தொபியாஸ். "அவருக்கு ஒரு கை ஒத்தாசையா இருக்கும்ல?" தெருமுனையில் தண்ணீர் எப்படித் திரும்புகிறது என்று பார்த்தேன். வாழைமரம் ஒன்று வேரோடு வந்து அந்தத் திருப்பத்தில் உள்ளே போய் வெகுநேரம் கழித்துத்தான் மேலே வந்தது. "ஒங்க அக்காவுக்கு நான் பதில் சொல்ல முடியாது. இரு. அஞ்சு நிமிஷம்." நட்டின் நுனியில் குத்தியிருக்கும் வளைகம்பியை நிமிர்த்தி உருவி, நட்டைக் கழற்றி வாயில் கவ்விக்கொண்டேன், கீழே விழுந்தால் தெருவே விழுங்கிவிடும், நாக்கில் துருவும் கிரீசும். உடைந்த பின் உள்ளே சிக்கிக்கொண்டு வரமாட்டேன் என்கிறது. ஆணியை வைத்துத் தட்டினேன். நான் தட்டுகிறேன், அங்கே அவர் தட்டுகிறார், நான் ஒன்று, அவர் ஒன்று. பிறகு நான் இரண்டு தட்டியும் அவர் தட்டவில்லை, மூன்றாவதுக்குத் தட்டினார். பின் வெளியே வந்து விழுந்தது. புதுப் பின்னை நுழைத்தேன், விசிறியைப் போட்டேன், நட்டைத் திருகினேன், குளிரில் விரல் வழுக்குகிறது, வளைகம்பியை நுழைத்துக் குறட்டால் மடக்கும்போதுதான் தெரிந்தது, கொஞ்ச நேரமாகவே மழைச் சத்தம் மட்டும்தான் கேட்டுக்கொண்டிருக்கிறது. தொபியாசும் கையைத் துடைத்துக்கொண்டே தெருமுனையைப் பார்த்துக்கொண்டு நின்றான். "சத்தம் நின்னுருச்சு மச்சான்" என்றான். "கை வலிச்சிருக்கும்" என்றேன். அவன் கயிற்றை அவிழ்க்கப் போனான். "இரு" என்றேன். "தண்டு வளைஞ்சிருக்கான்னு பாத்துருவோம்."

பார்க்கத்தானே வேண்டும். பார்க்காமல் போய் நடுவழியில் நின்றால், அந்த அம்மாவைப் படுக்க வைத்துக்கொண்டு திரும்பும்போது முனையில் எஞ்சின் இறுகிப்போனால், அப்போது என்ன செய்வாய், அதனால் பார்க்கிறேன். பிளக் வயரைப் பிடுங்கிவிட்டு, இறக்கையின் நுனிக்கு நேரே கட்டைவிரல் நகத்தை வைத்துக்கொண்டு விசிறியை மெதுவாகச் சுற்றுகிறேன். முதல் இறக்கை நகத்தை உரசிப் போகிறது. இரண்டாவது அதே இடத்தில் உரசிப் போகிறது. மூன்றாவதும். தண்டு நேராக இருக்கிறது. இன்னொரு தடவை சுற்றுகிறேன். மூன்று, ஆறு, ஒன்பது. ஓர் இறக்கையின் ஓரத்தில் நகக்கண் அளவு நெளிவு, அது பழசு, போன வருஷம் பாரில் உரசியது, எனக்கே தெரியும், ஆனாலும் விரலால் தடவித் தடவிப் பார்க்கிறேன். "போவமா?" என்கிறான். அவர் ஏன் தட்டவில்லை. தட்டம் தண்ணீரில் விழுந்திருக்கும். எங்கள் எஞ்சின் சத்தம் கேட்டிருக்கும், வந்துவிட்டார்கள் என்று நிறுத்தியிருப்பார். அந்த அம்மா போதும் என்று சொல்லியிருப்பாள், தலை வலிக்குதுங்க, போதும். வேறு வள்ளம் வந்து தூக்கிப்போயிருக்கும். வேறு வள்ளம் எதுவும் இந்தத் தெருவுக்கு வரவில்லை. முதல் தடவை பார்த்தபோது தண்ணீருக்கும் மேசைப் பலகைக்கும் நடுவே நாலு விரல்தான் இருந்தது. நாலு விரல் என்று எப்படித் தெரியும், அளந்தா பார்த்தேன், அளந்தேன், ஜன்னலில் நின்று பேசும்போதே கண் அதைத்தான் அளந்துகொண்டிருந்தது, வாய் அரை மணி நேரம் என்றது. ஒன்றேகால் மணி நேரத்தில் தண்ணீர் எவ்வளவு ஏறும். மரமேசை. மரம் மிதக்கும். "கியர்ல தண்ணி எறங்கியிருக்கான்னு பாக்கணும்" என்றேன், வேறு யாரோ சொல்வதுபோல இருந்தது. கியர்ப் பெட்டியின் அடித் திருகை அரைச்சுற்று இளக்கினேன். தண்ணீர் புகுந்திருந்தால் ஆயில் மோர் மாதிரி வெளுத்து வரும். ஒரு சொட்டு வந்தது. விரலில் வாங்கினேன். தேன் நிறம். நல்ல ஆயில். கையைக் கழுவிவிட்டு இன்னொரு சொட்டு வாங்கினேன்.

எங்கள் அக்கா வியாகுலம் பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அத்தான் போன் போட்டார், ஒடனே வா கஸ்பாரு, ஒன்னயத்தான் கேக்கா. உடனேதான் போனேன். பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். ஆஸ்பத்திரி வாசலில் இளநீர் விற்றார்கள். அக்காவுக்கு இளநீர் பிடிக்கும் என்று நின்றேன். வழுக்கையாக வேண்டும் என்றேன், வெட்டியதைப் பார்த்துவிட்டு இது முத்தல், வேறு வெட்டுங்க என்றேன். பிறகு கால் சேறாக இருக்கிறதே என்று குழாயடியில் கழுவினேன், இரண்டு காலையும், விரல் இடுக்கையும். காவலாள் எங்கள் ஊர்ப் பக்கத்துக்காரர், அவரிடம் வாடைக்காற்றைப் பற்றிப் பேசினேன். அக்காவின் வார்டு முதல் மாடி. இருபத்திரண்டு படி. நான் ஏறிப்போனபோது நர்ஸ் குளுக்கோஸ் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். அத்தான் என் கையிலிருந்த இளநீரை வாங்கி ஜன்னலில் வைத்தார். நான் தாமதமாகப் போகவில்லை, நேரத்துக்குப் போய்விட்டு வாசலில் தாமதித்தேன். இது அத்தானுக்குத் தெரியாது, மெட்டில்டாவிடம் மட்டும் சொன்னேன். சண்டை வரும்போதெல்லாம், நீங்க வாசல்லயே நிக்கிற ஆளுதான என்பாள். ஏறிப்போகாதவரைக்கும் அக்கா மேலே உயிரோடு இருந்தாள். அதுதான். நான் படியேறாதவரைக்கும். இப்போதும் முனை திரும்பாதவரைக்கும் அந்த அம்மா கட்டில்மேல் மல்லாந்து படுத்துக்கொண்டு ஓட்டைப் பிரிப்பதற்குத் தக்கன வாங்க என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள், அவர் கை வலித்து உட்கார்ந்திருக்கிறார், உட்கார எங்கே இடம், நிற்கிறார், நின்றுகொண்டிருக்கிறார். திருகை இறுக்கினேன். வாஷர் சரியாக உட்கார்ந்ததா என்று இளக்கித் திரும்ப இறுக்கினேன். கண்ணுக்கு ஒரு கோடு தெரிந்தது, கியர்ப் பெட்டியின் ஓரத்தில், முடி மாதிரி. வெடிப்பு. வெடிப்பாக இருந்தால் போகவே முடியாது, யாரும் குறை சொல்ல முடியாது, எஞ்சின் உடைந்துவிட்டது, என்ன செய்ய. நெஞ்சுக்குள் ஒரு நிம்மதி வந்தது. நகத்தால் சுரண்டினேன். நிஜமாகவே முடிதான், வைக்கோல் நார். அந்த நிம்மதி எனக்குத்தான் வந்தது, வேறு யாருக்குமில்லை, அதை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன்.

"மச்சான்." தொபியாஸ் கயிற்றை அவிழ்த்துக் கையில் பிடித்திருந்தான். அவன் கையை மீறி வள்ளம் இழுத்தது. "எஞ்சின்ல ஒண்ணுமில்ல மச்சான்." கோபமாகச் சொல்லவில்லை. என் முகத்தைப் பார்த்தும் சொல்லவில்லை. என் தோளுக்குப் பின்னால் எதையோ பார்த்துச் சொன்னான், அவனுக்குத் தெரிந்துவிட்டது, பத்து வருஷம் ஒரே வள்ளத்தில் இருக்கிறவனுக்குத் தெரியாமல் போகுமா. "கூலிங் தண்ணி வருதான்னு மட்டும்" என்று தொடங்கி நிறுத்திக்கொண்டேன். பிளக் வயரை மாட்டி எஞ்சின் கயிற்றை இழுத்தேன். எடுத்துக்கொண்டது. பக்கவாட்டில் சின்ன ஓட்டை வழியாகக் கூலிங் தண்ணீர் பென்சில் கனத்துக்குப் பீச்சியது. எல்லாம் சரியாக இருந்தது. முனையில் வெள்ளம் வள்ளத்தைச் சுவர்ப்பக்கம் தள்ள, எஞ்சினைத் திருகிப் பிடித்து ஏற்றினேன், வாழையிலைகள் மூஞ்சியில் அடித்தன, முதல் வீடு, இரண்டாவது வீடு. ஜன்னல் இல்லை. ஜன்னல் இருந்த இடத்தில் தண்ணீர் இருந்தது. தொபியாஸ் ஓட்டின்மேல் தாவி ஏறி முட்டி போட்டு ஓடுகளைப் பிரித்துப் பிரித்துத் தண்ணீரில் எறிந்தான், "அண்ணாச்சி, அண்ணாச்சி" என்று கூப்பிட்டுக்கொண்டே. ஆறேழு ஓடு எடுத்ததும் குரல் அடங்கியது. உள்ளே பார்த்துவிட்டு என்னைப் பார்த்தான்.

அவர் இருந்தார். உள்ளே ஜன்னல் திண்டின் மேல் காலை ஊன்றி, ஒரு கையால் உத்தரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, கழுத்தளவுத் தண்ணீரில் நின்றார். இன்னொரு கை அந்த அம்மாவின் அக்குளுக்கடியில். அவள் முகம் தண்ணீருக்கு வெளியே இருந்தது, அவர் கன்னத்தோடு கன்னமாக. வெளிச்சம் பட்டதும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு மேலே பார்த்தார். அவள் கண்ணைச் சுருக்கவில்லை. "மேசை மெதந்து சாஞ்சிட்டு" என்றார், குரல் கரகரவென்றிருந்தது. "தட்டத்தப் போட்டுட்டு ரெண்டு கையாலயும் தூக்கிப் புடிச்சேன். பேசிக்கிட்டுத்தான் இருந்தா. எஞ்சின் சத்தம் வந்துச்சே, நின்னுருச்சேன்னா. வந்துருவாங்க, வந்துருவாங்கன்னேன். இப்பத்தான். ஒரு பத்து நிமிஷம் இருக்கும்." தொபியாஸ் உள்ளே இறங்கினான். நான் மேலேயிருந்து குனிந்து கையை நீட்டினேன். அவர் அவளை விடவில்லை. நாங்கள் இருவரும் நன்றாகப் பிடித்துக்கொண்டோம் என்று தெரிந்தபிறகுதான் கையை எடுத்தார், எடுத்துவிட்டு, "கால பாத்துத் தூக்குங்க. பிளேட்டு வச்சிருக்கு" என்றார். காலைப் பார்த்துத்தான் தூக்கினோம். பெஞ்சுப் பலகையில் படுக்க வைத்துக் கயிற்றால் கட்டினோம். முடிச்சு இறுக்கும்போது அவள் வலிக்கிறது என்று சொல்லிவிடுவாளோ என்று என் கை தானாகத் தளர்ந்தது.

அவரை இழுத்து ஏற்றி வள்ளத்தில் அவள் தலைமாட்டில் உட்கார வைத்தோம். நடுங்கினார். தொபியாஸ் தன் சட்டையைக் கழற்றிப் போர்த்தினான், அதுவும் ஈரம்தான். கொஞ்ச நேரம் கழித்து, "எஞ்சின்ல ஏதும் கோளாறா தம்பி?" என்று கேட்டார். குற்றமாகக் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்தவரிடம் வழியில் சிரமமில்லையே என்று கேட்பதுபோலக் கேட்டார். நான் வாயைத் திறந்தேன். "பின்னு உடைஞ்சிருச்சு அண்ணாச்சி, மாத்த நேரமாயிருச்சு" என்று தொபியாஸ் முந்திக்கொண்டான். அவன் பொய் சொல்லவில்லை. பாதியில் நிறுத்திக்கொண்டான், மீதி என்னிடம் இருக்கிறது, அவனிடமும். சொல்லிவிட்டு அவன் கரைப்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டான். இனி வீட்டிலும் கடற்கரையிலும் அவன் அப்படித்தான் உட்காருவான், என் முகம் படாமல். நான் எஞ்சின் கயிற்றைப் பிடித்தேன். எடுக்காமல் போகட்டும் என்று வேண்டினேன். ஒரே ஒரு தடவை, அவர் பார்க்க, எடுக்காமல் மூச்சுத் திணறிச் சாகட்டும், மாதாவே. முதல் இழுப்பிலேயே எடுத்துக்கொண்டது. நடுக்கமில்லை, உரசலில்லை, ஒரே சீரான சத்தம். வள்ளம் தண்ணீரை ஒதுக்கிக்கொண்டு போயிற்று. அவர் அந்த அம்மாவின் நெற்றியில் ஒட்டியிருந்த வாழைச்சருகை எடுத்துப் போட்டுவிட்டு எஞ்சினைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்ப நல்லா ஓடுது" என்றார்.

"ஆமாண்ணாச்சி" என்றேன்.